நல்ல நேரத்துச் சம்மதம்

தங்க இடம் உறுதியாகாமல் மகளை விமானம் ஏற்றுவதில்லை என்று பஞ்சநாதன் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். மழை வருகிறது, குவியலை மூடு என்று அவர் சொல்லிவிட்டால், வானம் வெளுத்துக் கிடந்தாலும் தார்ப்பாய் போட்டாக வேண்டும்.

கலைமதிக்கு டப்ளினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. படுக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. அந்த ஊரில் அறை காலி என்று விளம்பரம் போட்ட சூட்டோடு யாராவது வந்து குடியேறிவிடுகிறார்கள். அவள் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது, நோரா என்ற வயதான பெண்மணியிடமிருந்து. அதிகம் பேசாத பெண்ணாக இருக்க வேண்டும், வீடியோ காலில் ஒருமுறை முகம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கலைமதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பேசாமல் இருப்பதற்காக அவள் இதுவரை திட்டு மட்டுமே வாங்கியிருந்தாள். உலகத்தில் ஒரு வீட்டில் அதைத் தகுதியாகக் கேட்கிறார்கள்.

முகம் பார்க்கப்போகிற விஷயத்தை அப்பாவிடம் சொன்னதுதான் வினையாயிற்று.

"பொண்ணு போய் இருக்கப்போற வூடு. நாமளும் பாக்கத்தானே வேணும்?"

கிளியனூரிலிருந்து தாய்மாமன் அரசப்பன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து இறங்கினார். அம்மா அம்சவள்ளி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பூ, பழம் வைத்தாள். அந்தத் தட்டு எப்படி அந்த ஊருக்குப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. செல்போனைச் சொம்பில் சாய்த்து நிறுத்தினார்கள்.

திரையில் தெரிந்த நோரா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை பேருமா குடி வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் மட்டும்தான் என்றாள் கலைமதி.

"தண்ணி எப்பிடின்னு கேளு. நல்ல தண்ணியா, உப்பா?" என்றார் மாமா.

"வூட்டுக்காரரு இருக்காராம்மா?" அம்மா நேராகத் தமிழிலேயே கேட்டாள். ஊர் தூரம் என்பதால் உரக்கக் கேட்டாள்.

நோரா அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அதற்கு வெளியே நனைந்த செங்கல் சுவர். ஒரு பூனை நிதானமாக நடந்து போனது.

"குறுக்க போவுது பாருடி!"

"அது அவங்க வளக்கறதும்மா. அந்த வூட்ல அதுதான் போவும்."

எனக்குச் சம்மதம், உங்களுக்கு வேண்டுமா, இன்னும் சிலர் கேட்டுக் காத்திருக்கிறார்கள் என்றாள் நோரா. கலைமதி அதைத் தமிழில் சொன்னாள்.

அப்பாவுக்கு வீடு பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அதனாலேயே, "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்னு சொல்லு" என்றார்.

"அப்பா, அதுக்குள்ள வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"பாத்த எடத்துலயே தலையாட்டுவாங்களா? அலையறாங்கன்னு நெனப்பாங்க."

"இன்னிக்கி நவமி வேற" என்றார் மாமா. "நாளைக்கி தசமி. காலைல நல்ல நேரத்துல சொல்லிக்கலாம், பாப்பா."

பெண் பார்க்கப் போன இடத்தில் அப்போதே சம்மதம் சொன்னவர் அவர்கள் வம்சத்தில் இல்லை. ரொம்பப் பிடித்துவிட்டால்தான் ரொம்ப யோசிப்பதுபோல எழுந்து வருவார்கள்.

நோரா காத்திருந்தாள். கலைமதி 'எஸ்' சொல்ல முடியாது. 'ஓகே'யும் சொல்ல முடியாது. அந்த இரண்டும் உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பாடப்புத்தகத்தில் மட்டுமே வாழ்கிற நீளமான ஆங்கிலச் சொற்களைத் தேடியெடுத்து, மிகுந்த நன்றியுடன் ஏற்றுக்கொள்வதாக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஓகே! வெல்கம்!" என்று கத்தினாள் நோரா. கட்டைவிரலை வேறு உயர்த்தினாள்.

"என்ன, அந்தம்மா ஓகேங்குது?"

"நாளைக்கி சொன்னா ஓகேவாம், மாமா."

மறுநாள் காலை, குளித்துவிட்டு மூவரும் கூடிப் பேசினார்கள். பூனையைப் பற்றிக் கொஞ்சம் இழுபறி நடந்தது. மாமா அதை மன்னித்தார். அப்பா கடைசியாக அவளிடம், "உனக்குப் புடிச்சிருக்கா?" என்றார். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் இதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப போனப் போடு. நல்ல நேரம் முடியப்போவுது."

"அங்க இப்ப நடுராத்திரிப்பா. தூங்குவாங்க."

"நல்ல காரியத்துக்கு எழுப்பினா யாரு கோச்சிக்குவா?" என்றாள் அம்மா.

"நம்ம நல்ல நேரம் அவங்களுக்கு எப்பிடிம்மா?"

"சொல்றது நாமதானே? அப்ப நம்ம நேரந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமா.

அமைதியைத் தவிர வேறெதுவும் கேட்காத ஒருத்தியை நடுராத்திரியில் எழுப்பினால், கட்டிலும் ஜன்னலும் அந்த நிமிடமே வேறொருத்திக்குப் போய்விடும். இருட்டில் முகம் தெரியாது, வீடியோ வேண்டாம் என்றாள் கலைமதி. எந்த எண்ணையும் அழுத்தாமல் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டாள். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். இவ்வளவு சரளமாக அவள் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இப்பிடிக் குடு" என்று அப்பா கையை நீட்டினார்.

கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, நாங்க மரக்காணத்துலேர்ந்து பேசறோம். எங்களுக்கு சம்மதங்க. பொண்ணு வாயத் தொறக்கவே மாட்டா. நீங்கதான் ரெண்டு வார்த்த பேசிப் பழக்கணும்." பதில் கேட்கச் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார் அப்பா. அவர் காத்திருந்தார். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. அவர் மேலும் காத்திருந்தார். கலைமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் செல்போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"மரியாதப்பட்டவங்க. குறுக்க ஒரு வார்த்த பேசல" என்றார் மாமாவிடம். பிறகு மகள் பக்கம் திரும்பி, "பொட்டியக் கட்டு" என்றார்.