விளக்குப் பெட்டிக்குள் என் நாத்தனார்

1
கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை தருகிறேன். முடிவு மட்டும் என் கையில் இல்லை. இது பிறந்த இடம் மருத்துவமனையின் தோல் பிரிவு. நாத்தனாருக்குத் துணையாகப் போயிருந்தேன். அவள் முடி வெட்டுகிறவள். முதுகிலும் கையிலும் சொரியாசிஸ். கை செதில் செதிலாக உதிர்ந்தால் எந்தத் தலை அவளிடம் குனியும்? பல வருடமாக ஒளி சிகிச்சைதான் அவள் கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

2
"ஊதா வெளிச்சத்தில் ஒரு தேவதை போல அவள்..."

சே, எழுதிய இந்த வரியை அடித்துவிட்டேன். ஆளுயரப் பெட்டி, சுற்றிலும் குழல் விளக்குகள், கறுப்புக் கண்ணாடி மாட்டி உள்ளாடையோடு நிற்கும் ஐம்பது வயதுக்காரி. அவ்வளவுதான்.

எப்போதும் ஒரே அளவு உள்ளாடைதான் போட வேண்டும். வெளிச்சமே படாத தோல், பழகிய தோலுக்குத் தரும் அளவைத் தாங்காது. இவள் புதிதாக ஒன்று போட்டுப் போனாள், விரலகலம் சின்னது. இடுப்பில் சிவப்பாக ஒரு பட்டை வெந்துவிட்டது.

"அழகா இருக்கட்டும்னு போட்டேன் அண்ணி."

"பெட்டிக்குள்ள யாருடி பார்க்கப்போறா?"

"நர்ஸம்மா பார்ப்பாங்கல்ல!"

பட்டையைப் பார்க்க வந்த மருத்துவரின் கண், தோளில் கறுத்திருந்த ஒரு புள்ளியில் நின்றுவிட்டது. துளி தோலெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கெட்டதாக, புற்றுநோயாக வந்தால் விளக்குச் சிகிச்சை நின்றுவிடும்.

3
(மருத்துவரைக் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன், கதைக்குக் காரம் சேருமென்று. ஒட்டவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்குவார்.)

"பயப்படாதீங்கம்மா, ரிசல்ட் வந்துடுச்சு, கெட்டது இல்ல. அவசரமா பெருகுற செல்லை வெளிச்சம் நிதானப்படுத்துது. மேல்தோலும் தடிச்சு, கறுத்து, தனக்குத்தானே குடை பிடிச்சுக்குது. செல்லுக்குள்ள அடியும் படுது. பெரும்பாலும் தானே சரிபண்ணிக்குது."

"பெரும்பாலுமா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா. அதான் வருஷா வருஷம் பார்க்கணும்கிறேன். வேணும்னா விளக்கை விட்டுட்டு ஊசிக்கு மாறலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணுக்கே தெரியாத ஒன்று, அடி வாங்கி, தன்னைத் தைத்துக்கொண்டு, மறுபடி வெளிச்சத்துக்கு வந்து நிற்கிறது. அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது எனக்கு.

4
முதல் முடிவில் அவள் பெட்டிக்கே திரும்புகிறாள். இரண்டாவதில் ஊசிக்கு...

இரண்டையும் அடித்தேன். நேற்று என் முடியை வெட்டும்போது கேட்டும் பார்த்தேன்.

"என்னடி முடிவு பண்ணே?"

"தலையை ஆட்டாதீங்க அண்ணி, காது போயிடும்!"

பிடரியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வழவழவென்று இருந்தன. தோல் அவளுடையது. அவள் முடிவை நான் எப்படி எழுதுவேன்? மனசிருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் கையை ஒருவர் கூசாமல் பிடித்துக்கொள்கிற வீடாக உங்கள் வீடு என்றைக்கும் நன்றாயிருக்கட்டும்.