தம்பியின் வேலை விவரம்

பெயின்ட் தொழிற்சாலையின் அலுவலகத்தில் அவளை எல்லாரும் கம்ப்யூட்டர் அக்கா என்பார்கள். நேற்று சேர்ந்த பெண்ணுக்கும் அக்கா, ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கிற கிடங்குக்காரருக்கும் அக்கா. உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் அந்த வளாகத்தில் ஒருவன்தான். கலவைப் பிரிவில் சாயம் கலக்கிற அவள் தம்பி.

காலையில் மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முப்பத்தொரு வார்த்தைகள். எடை, லேபிள், மூடி, பதிவேடு, அடுக்குதல் என்று போயிற்று. வரப்போகிற புது மெஷின் செய்யும் வேலைகளாம். தொழிலாளர் அறுநூற்றுச் சொச்சம் பேரின் வேலை விவரமும் ஆளுக்கொரு வரியாக ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஒரு டேபிளில் இருந்தது. அந்த வரியில் இந்த வார்த்தைகளில் ஒன்று எங்கே இருந்தாலும் அந்த ஆளின் பெயர் வேண்டும் என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் என்ன பச்சைக் குழந்தையா?

வேலை என்னவோ பத்து நிமிடம்தான். வார்த்தைகளை இன்னொரு டேபிளில் ஏற்றி, இரண்டையும் இணைத்து, லைக் என்கிற தேடல் கட்டளையைப் போட்டாள். வார்த்தைக்கு முன்னால் ஒரு சதவீதக் குறி, பின்னால் ஒன்று. முன்னே பின்னே என்ன இருந்தாலும் கவலையில்லை, நடுவில் இது இருந்தால் பிடித்துக்கொள் என்று அர்த்தம். இரண்டு வார்த்தைகளில் மாட்டியவர்கள் இரண்டு முறை வந்தார்கள். ஆளுக்கு ஒரு முறை போதும் என்று சுருக்கினாள். நூற்று நாற்பது பேர். பின்னால் நின்று பார்த்த மேனேஜர் அந்த எண்ணைத் தலைமை அலுவலகத்துக்கு அப்போதே போனில் சொல்லிவிட்டார். பெயர்களைப் பொறுமையாகச் சரிபார்த்து மாலைக்குள் கொடுங்கள் என்று போனார். பொறுமையாம்!

தொண்ணூற்று மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தாள். தம்பி.

அவன் எப்படி வந்தான்? சாயம் கலப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலை. கலத்தல் என்ற வார்த்தையே அந்தத் தாளில் கிடையாது. அவன் வரியில் மட்டும் தேடலைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். ஒன்றல்ல, மூன்று முறை வந்தான். எடை, லேபிள், பதிவேடு.

அந்த மூன்றையும் போட்டவள் அவளேதான். மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேடு உயர்ந்தால் பேச்சு சுலபமாக முடியும் என்று நச்சரித்தான். அவன் வரியில் 'சாயம் கலத்தல்' என்று மட்டும் இருந்தது. கூடவே எடை சரிபார்த்தல், லேபிள் எழுதுதல், பதிவேடு பராமரித்தல் என்று யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிட்டாள். கிரேடும் வந்தது, பெண்ணும் வந்தாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு தம்பி மேலே வந்தான். நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.

"லிஸ்ட் நீதான் எடுக்கிறியாமே அக்கா? கீழ ஒருத்தனுக்கும் சோறு எறங்கல," என்றான். "நல்லவேளை, நம்ம வேலைய எந்த மெஷினும் செய்யாது."

சாப்பாடு ஆறிப்போகும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். பிறகு டேபிளைத் திறந்து அந்த மூன்று வார்த்தைகளையும் அழித்தாள். மற்றவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருப்பார்கள், அவர்களுக்கு இந்த டேபிளைத் திறக்க வழியில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழித்தாள்.

நான்கு மணிக்கு மேனேஜர் பட்டியலில் நூற்று முப்பத்தொன்பது பேரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஒரு வரி தப்பாக இருந்தது, திருத்திவிட்டேன் என்றாள். அவர் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நூத்தி நாப்பதுன்னு மேல சொல்லிட்டேனே. கொறஞ்சா கேப்பாங்க, கூடினா கேக்க மாட்டாங்க," என்றார். "இன்னொரு வார்த்தை சேத்துடுங்க. கலத்தல்னு போடுங்க. அடுத்த வருஷம் அதுக்கும் மெஷின் வருது."

கலவைப் பிரிவில் பதினோரு பேர். தம்பியைத் தவிர ஒருவர்கூடப் பட்டியலில் இருந்ததில்லை. அந்த வார்த்தையைப் போட்டால் பதினோரு பேரும் போவார்கள், தம்பியும் சேர்த்து. பழைய வரியைத் திரும்ப வைத்தால் தம்பி மட்டும் போவான். வேறு வார்த்தை தேடி மூளையைக் கசக்கினாள். எதைப் போட்டாலும் அதற்குக் கீழே யாரோ சிலர் இருந்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் சார்," என்றாள். "நான் திருத்தினதுதான் தப்பு. காலையில இருந்ததே சரி."

"அப்பாடா, வேலை மிச்சம்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எடை சரிபார்த்தல், லேபிள் எழுதுதல், பதிவேடு பராமரித்தல். பெற்ற தாய்க்குச் சமமாக அவனை வளர்த்த கையால் அதையெல்லாம் மறுபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நூற்று நாற்பது வந்தது. மேனேஜர் அச்செடுத்துக்கொண்டு போனார். தப்பித்த பத்துப் பேருக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. தம்பிக்குத் தெரியப்போவது, லிஸ்ட் எடுத்தது அக்கா என்பது மட்டும்தான்.

ஐந்தரைக்குப் படியிறங்கினாள். தினமும் போல அவளை வீட்டில் கொண்டுபோய் விட, பைக் சீட்டைத் துடைத்துவைத்துக்கொண்டு தம்பி வாசலில் நின்றிருந்தான்.