பதினைந்தாவது ஆள்

ஈரானில், நேஷாபூரிலிருந்து சப்சேவாருக்குப் போகும் ஷேர் டாக்சியில் முன் சீட் கிடைத்தால் ஓட்டுநரின் விசாரணையும் சேர்ந்தே கிடைக்கும். அன்றைக்கு ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா என்ன வேலை பாக்குறீங்க?"

"காலேஜ்ல கணக்கு சொல்லித் தரேன்."

"அப்போ நல்ல வரும்படி."

"மணிக்கணக்குலதான் தர்றாங்க. வாரத்துக்கு எட்டு மணி நேரம்."

"எட்டு மணி நேரம் நான் ஒரே நாள்ல ஓட்டிருவேன். மணிக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, கேப்போம்."

பொய் சொல்லியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு என்னவோ உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கிலோமீட்டர் தூரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு பின்னால் இருந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த சீட்டுக்கே அதுல முக்காவாசி போயிருதே. கணக்கு டீச்சருங்கிறீங்க, இந்தக் கணக்கு தெரியலையாக்கா?" என்றார். பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. மஷ்ஹத் பல்கலைக்கழகத்தில் இயற்கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் துறைத் தலைவர் டாக்டர் வொசூகியும் நானும் ஒரே புத்தகத்தை, ஒரே கரும்பலகையில், அடுத்தடுத்த அறைகளில் நடத்துகிறோம். அவருக்கு வருவது எனக்கு வருவதைப்போல நான்கு மடங்கு. பட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள், கட்டுரை எழுதினால் இன்னும் கொஞ்சம். ஆனால் அவர் நிரந்தரம், நான் மணிக்கூலி. மற்ற காரணமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எனக்குப் பருவம் முடிந்து, தேர்வு முடிந்து, அடுத்த பருவமும் பாதி போன பிறகு வரும். நவ்ருஸ் புத்தாண்டுக்கு அவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். எனக்கு அரைக் கிலோ பிஸ்தா.

இதற்கெல்லாம் மேல் இன்னொன்றும் உண்டு. மணிக்கூலிக்காரரின் வகுப்பில் பதினைந்து பேர் சேரவில்லை என்றால் வகுப்பே கிடையாது. என்னதான் கரைத்துக் குடித்திருந்தாலும் கல்லூரிக்கு என்னிடம் வேண்டியது கணக்கு அல்ல, தலைகள்.

அந்த ஆண்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, கணக்குத் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு அறிவிப்பு வந்தது. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்துநான்கு. இடைவிடாமல் பத்துப் பருவம், ஒவ்வொன்றிலும் வாரம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பாடம் எடுத்திருக்க வேண்டும். எனக்கு இடையில் ஒருமுறை விட்டுப்போனதால் ஒன்பதுதான் ஆகியிருந்தது. வரப்போகும் பருவம் பத்தாவது. அதில் நான்கு மணி நேரம் உறுதி. மீதி நான்கு மணி, நுண்கணிதத்தில் தோற்றவர்களுக்கான மறுவகுப்பு. அதாவது இந்தப் பருவம் நான் தோற்கடிக்கிறவர்கள்தான் அடுத்த பருவம் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஜனவரியில், கணப்படுப்பை ஒட்டி மேசையைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். இருபதுக்குப் பத்து வாங்கினால் தேறலாம். பதினான்கு பேர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்றிருந்தார்கள். கடைசிக் கட்டைப் பிரிக்கும்போது, ஒரு தப்பாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தாளைப் புரட்டினேன். வாழ்க்கையில் அப்படிப் புரட்டியது அதுதான் முதல் தடவை.

கிடைத்தான். யாஷார் தாப்நாக். அப்பாவின் டயர் கடையில் வேலை பார்த்துவிட்டு, விரல் இடுக்கில் கறுப்புப் போகாமல் வகுப்புக்கு வருகிறவன். இடைத்தேர்வில் மூன்றேகால், கடைசித் தேர்வில் ஆறேகால். மொத்தம் ஒன்பதரை.

எங்கள் நாட்டில் ஒன்பதரை என்று ஒரு மதிப்பெண்ணே கிடையாது. எந்த ஆசிரியரும் அந்த அரையைத் தூக்கிப் போட்டுப் பத்தாக்கிவிடுவார். முதல் வருடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கருமி என்று பெயரெடுத்த வொசூகிகூடப் போடுவார். இத்தனை வருடமாக நானும் போட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கு ஒன்பதரை என்றே எழுதினேன். விதிப்படி ஒன்பதரை ஒன்பதரைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதியைத் துணைக்குக் கூப்பிட்டால் யாருக்கும் வரத்தான் செய்யும், திருடனுக்கும் வரும்.

மதிப்பெண் வெளியானதும் மாணவர்கள் ஆட்சேபம் எழுத மூன்று நாள் தருவார்கள். யாஷார் எழுதியிருந்தான்: 'உஸ்தாத், முடிந்தால் நான்காவது கேள்வியை இன்னொரு தடவை பாருங்கள். உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் மட்டும்.' நான் பார்க்கவில்லை. கணினியில் நிராகரிப்பை அழுத்தினேன். பிறகு மதிப்பெண்ணை நிரந்தரமாகப் பூட்டினேன். பூட்டிவிட்டால் ஆசிரியர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

இரண்டு வாரம் கழித்து, வகுப்புப் பட்டியலைப் பார்க்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே குமாஸ்தா நிக்பூர், கன்னத்தில் சர்க்கரைக் கட்டியை அடக்கிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு பேருதான் வந்திருக்காங்க, டாக்டர் மேடம். வகுப்பு திறக்காது."

"பதினஞ்சு இருக்கணுமே. யாஷார் தாப்நாக்?"

"அந்தப் பையனா? பேரை எடுத்தாச்சே. சராசரி பன்னெண்டுக்குக் கீழ போனது இது மூணாவது தடவை. மூணாவது தடவைன்னா வெளியதான். இனிமே கட்டாயப் பட்டாளம், ரெண்டு வருஷம்." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க, பதினொண்ணு புள்ளி ஒம்போது அஞ்சு. நுண்கணிதத்துல பத்து வந்திருந்தா பன்னெண்டு தாண்டியிருப்பான். பாவம், எந்த வாத்தியார் ஒம்போதரை போடுறாரு இந்தக் காலத்துல?"

போட்டது யார் என்று அதே திரையில் என் பெயர் இருந்தது. அவரும் அப்போதுதான் கவனித்தார். தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

பதினான்கோடு ஒன்றைக் கூட்டினால் பதினைந்து, அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. அந்த ஒன்றுக்கு மற்ற பாடங்களும் உண்டு, பழைய பருவங்களும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு முன்னால் வகுப்பு போச்சே என்ற வருத்தம்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பூட்டின மார்க்கைத் திறக்க வழியே இல்லையா, நிக்பூர் ஐயா?"

"ஒரே வழிதான். கூட்டல்ல தப்புன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மனசு மாறிட்டேன்னு எழுதினா எடுக்க மாட்டாங்க. டாக்டர் வொசூகி ஒப்புதல் குடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதினாலு பேரோட உங்க வகுப்பைத் திறக்கவும் அவர்தான் சிபாரிசு எழுதணும். ஒரு ஆள்தானே குறையுது. மத்தவங்களுக்கு எழுதியிருக்காரு."

அன்று மத்தியானமே இரண்டு தாள்களோடு வொசூகியின் அறைக்குப் போனேன். ஒன்று வகுப்பைத் திறக்கக் கேட்கும் விண்ணப்பம். இன்னொன்று கூட்டல் பிழைக் கடிதம். அவர் இரண்டையும் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டையும் என் மேசையில வைக்காதீங்க, மேடம். ஏதாவது ஒண்ணு."

"ரெண்டும் வேற வேற விஷயம், டாக்டர்."

"எனக்கு வேற வேற. மேல உக்காந்திருக்குற கமிட்டிக்கு ஒரே பேருதான். இந்தக் கணக்கு டீச்சருக்கு மூணேகாலையும் ஆறேகாலையும் கூட்டத் தெரியலைன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அதே டீச்சருக்கு விதிவிலக்கு குடுங்கன்னும் நான் எப்படிக் கேக்குறது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிஜமாவே கூட்டல் தப்பா?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துல உங்களுக்குக் கூட்டல் தப்பி நான் பார்த்ததில்ல."

பையன் பட்டாளத்துக்குப் போனால் இரண்டு வருடத்தில் திரும்பி வருவான், எனக்கு அடுத்த வருடம் நாற்பத்தைந்து, திரும்பி வராது என்று மனசு வாதாடிக்கொண்டிருந்தது. நல்ல வாதம்தான், தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். கை விண்ணப்பத்தின் மேல்தான் இருந்தது. பிறகு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"யோசிச்சீங்களா?"

"சீக்கிரம் கையெழுத்துப் போட்டுருங்க, டாக்டர்."

போட்டார்.

மறுவாரம், என்னிடம் மிச்சம் இருந்த ஒரே வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் யாஷார் நின்றிருந்தான். புதிதாகச் சவரம் செய்த முகம், கையில் இனிப்புப் பெட்டி.

"உஸ்தாத், திரும்பச் சேத்துட்டாங்க. அம்மா உங்களுக்கு இதைக் குடுக்கச் சொன்னாங்க." பிறகு யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். "நானும் மூணு தடவை கூட்டிப் பாத்தேன், உஸ்தாத். ஒம்போதரைதான் வருது. எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க. இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை.

"உனக்காகன்னு சொல்லாத, யாஷார். மறுவகுப்புக்குப் பதினஞ்சு பேர் வேணும், இல்லன்னா எனக்கு நிரந்தர வேலை கிடைக்காது. பதினாலு பேர்தான் இருந்தாங்க. அதுக்குத்தான் உன்னை ஃபெயிலாக்கினேன். உன் பேரை எடுத்துருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவன் பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ பதினஞ்சு சேந்துச்சா, உஸ்தாத்?"

"இல்ல. பதினாலுதான்."

"அடப்பாவமே," என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். "இன்னும் ஒருத்தன் ஃபெயிலாயிருக்கலாம்."

பெட்டியை என் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான்.