அடைப்பு எடுப்பவரின் ரத்தம்

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் கொழுந்தன். ஊசிக்குக் கை நீட்ட வந்தவராகவே தெரியவில்லை. சினிமாவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்தவர்போல முகம் மலர்ந்திருந்தது.

"எடுங்க அண்ணி. எவ்வளவு வேணுமோ எடுங்க."

அவள் சிரித்தாள். "ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட எங்க ஆராய்ச்சிக்கு எடுக்கறதில்லன்னு அன்னைக்கே சொன்னேனே, தம்பி."

"அதுக்குத்தானே நிறுத்திட்டேன்."

கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே நின்றாள்.

அவர் குழாய் வேலைக்காரர். ஏணியிலிருந்து விழுந்து கால் மாவுக்கட்டில் கிடந்தபோது கெண்டைக்காலுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது. "ஊரு அடைப்பையெல்லாம் எடுத்தவன், சொந்தக் கால்ல கோட்டை விட்டான்" என்று அவருடைய அண்ணன் இன்றைக்கும் கேலி பேசுவார். அந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவரும் கொழுந்தன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதுதான் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. ரத்தத்தில் பசைபோல ஒரு புரதம் இருக்கிறது. நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும். ஓட்டம் வேகமானால் பிரிந்து நீளும். ஒன்றோடொன்று ஒட்டித் தடித்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் போய்ச் சிக்கி அடைத்துக்கொள்ளும். நல்ல கொழுப்போடு சேர்ந்து பயணிக்கும் சில புரதங்கள், அந்த நூல்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன போலிருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கை காயக் காயக் கேள்வி கேட்டார். "குழாய்ல அழுக்குச் சேராம ஒரு ஆளு உள்ளயே சுத்தற மாதிரியா அண்ணி?" அவள், "கிட்டத்தட்ட" என்றாள்.

கேட்க ஒருவர் கிடைத்த சந்தோஷத்தில் சொன்ன அந்தக் 'கிட்டத்தட்ட' இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"எனக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்குன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. அது பாத்துக்காதா?"

"தம்பி, அது எத்தனை இருக்குங்கறது வேற, அது எப்படி வேலை செய்யுதுங்கறது வேற. நாங்க பாத்தது கண்ணாடிக் குழாய்க்குள்ள. உடம்புக்குள்ளயும் அப்படித்தானான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. மாத்திரைக்குப் பதிலா அதை நம்பவே கூடாது. நான் அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கணும்." அவள் பார்வை அவர் காலுக்குப் போனது. "கால் எப்படி இருக்கு?"

"காலையிலேருந்து கனமா இருக்கு. உங்களுக்கு ஒரு உதவியா இருக்குமேன்னுதான் மாத்திரையை நிறுத்தினேன்..."

கால்சட்டையை அவள் மெல்ல உயர்த்திப் பார்த்தாள். கெண்டை வீங்கியிருந்தது. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அவருடைய மருத்துவரைப் போனில் கூப்பிட்டாள். தாமதிக்காமல் அழைத்து வரச் சொன்னார், தானாக எந்த மாத்திரையும் போட வேண்டாம் என்றார். கணவருக்கும் சொன்னாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், காரோடு வருகிறேன் என்றார்.

"அண்ணன் வர்ற வரைக்கும் அந்த நூலை ஒரே ஒரு தடவை காட்டறீங்களா?" என்றார் கொழுந்தன். பயந்தவர் குரல்தான். ஆனால் கண் நுண்ணோக்கித் திரையைவிட்டு நகரவில்லை.

அவரை எழ விடாமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய். அதில் ஓடும் நீரோட்டத்தில் பசைப் புரதத்தின் வெள்ளை இழைகள் நீண்டு ஆடின.

"யாரோட ரத்தத்துலேருந்து எடுத்தது?"

"பேரு எங்களுக்கும் சொல்ல மாட்டாங்க. யாரோ, யாருக்காகவோ கொடுத்தது."

அவர் தன்னையறியாமலே கைகூப்பினார்.

"இப்ப நூல் ஒட்டாம பாத்துக்கற அந்தப் புரதத்தை விடறேன், பாருங்க."

அவள் அதை விட்டு முடிக்கவும் கீழே கார் ஒலி எழுப்பியது. அவள் தோள் கொடுத்தாள். அதைப் பற்றிக்கொண்டு, வலிக்கும் காலை மெதுவாகத் தரையில் ஊன்றியவர், வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரையில் இரண்டு இழைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, தொடாமல், தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தன.