பாதி தேய்ந்த பெடல்

எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் பார்ப்பது டீசல் மெக்கானிக் வேலை. அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் யாரும் பழைய ஜீப் வாங்குவதில்லை. மீட்டரைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்கவே ஆரம்பிப்பார். "மீட்டரைத் திருப்பிடுவானுங்க. பெடல் ரப்பரைப் பாருங்க" என்பார். மழுங்கியிருந்தால் வண்டி லட்சக்கணக்கில் ஓடியது. புத்தம் புதிதாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இந்த ரகசியத்தை ஊர் பூராவும் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் அவரேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

போன வாரம் சொந்தத் தங்கச்சிக்காக ஒரு வெள்ளை ஃபோர் வீல் டிரைவைப் பார்த்தார். பெடல் ரப்பர் பாதி தேய்ந்திருந்தது. மீட்டரில் தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டர். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போனதில் அவருக்கு ஏக சந்தோஷம். "இன்ஜினோட டைமிங் பெல்ட்டை லட்சத்துல மாத்தினாப் போதும். இன்னும் எட்டாயிரம் கிடக்கு, தைரியமா ஓட்டுங்க" என்றார். இன்று காலை தங்கச்சியும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளும் அதில் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பழைய சாமான் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். வரும்போதே சிரிப்பு.

"ஒரு கூத்தைக் கேளுங்க டாக்டர். போன மாசம் ஒருத்தர் பெடல் ரப்பர் கேட்டு வந்தாரு. புதுசும் வேண்டாமாம், முழுசாத் தேஞ்சதும் வேண்டாமாம். பாதி தேஞ்சதுதான் வேணுமாம்! ஒரு மணி நேரம் குப்பையைக் கிளறிப் பொறுக்கிட்டுப் போனாரு."

"எந்த வண்டிக்கு?"

"வெள்ளை ஃபோர் வீல் டிரைவ். பின்கதவுல பெரிய ஒடுக்கு."

தங்கச்சி வாங்கிய கையோடு அந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தியதே டாக்டர்தான். அவர் எதைப் பார்ப்பார் என்று தெரிந்து, அவருக்கென்றே ஜோடித்திருக்கிறார்கள். அப்படியானால் மீட்டரும் பொய். அந்த பெல்ட் இரண்டு லட்சம் ஓடியிருக்கலாம், மூன்று லட்சமும் ஓடியிருக்கலாம். இறக்கத்தில் அது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். ஸ்டியரிங் இறுகிப்போகும். இரண்டு மிதி மிதித்தால் பிரேக்கும் கல்லாகிவிடும்.

தங்கச்சிக்கு போன் போட்டார். கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டார். கிடைக்கவில்லை. பட்டறை வேனை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். ஓரிடத்தில் சுவர் இடிந்து கிடந்தது. வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தார். இடிபாட்டில் புல் முளைத்திருந்தது. பழைய இடிப்பு. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மலை உச்சியில் வண்டி நின்றிருந்தது. பிள்ளைகள் உள்ளே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தது நேர் இறக்கம். மாப்பிள்ளை சாவியில் கை வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, ஸ்டார்ட் பண்ணாதீங்க! எல்லாரும் இறங்குங்க!"

டாக்டர் ஓடிவந்து பானட்டைத் தூக்கி, மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். டைமிங் பெல்ட்டின் ஓரம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. பல் இரண்டு இல்லவே இல்லை.

தங்கச்சி பக்கத்தில் வந்து பார்த்தாள். அவளுக்கு இன்ஜின் தெரியாது. அண்ணன் முகம் தெரியும்.

"இறக்கத்துல போயிருந்தா?"

அவர் மூடியைத் திரும்பப் போட்டார். பெடல் கதையை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னார். "என்னை ஏமாத்திட்டானுங்கம்மா. தப்பு என்மேலதான். வாங்க, வேன்ல ஏறுங்க. நான் இறக்கிவிடறேன்."

பிள்ளைகள் வேனை நோக்கி ஓடினார்கள். தங்கச்சி இரண்டு பேரின் சட்டையையும் பிடித்து இழுத்து நிறுத்தினாள். வேனைச் சக்கரத்திலிருந்து கூரை வரை பார்த்தாள்.

"இதையும் நீதானே அண்ணா பார்த்து வாங்கின?"

"ஆமாம்மா."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்தாள். கீழே இறங்கப் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.