தப்பான பாட்டு

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழைய ஹிட்டுப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று கிளாசை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வயலின் வந்ததும் முகம் தொங்கிவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் புளுகு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருந்த அந்த...

(சே, குற்றாலம் என்றாலே சாரல்தானா? வேண்டாம்.)

அவளுக்கு ஜெனி என்று பெயர் வைத்தேன். புருஷன் பென்னி, குற்றாலத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவன். அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை உலகத்துக்கே திறந்துவிடும் மென்பொருள் புதிதாக வந்திருந்த காலம். கல்யாணமான புதிதில் பென்னி ஜெனிக்காக ஒரு பாட்டுக் கட்டி, தானே பாடி, ஹெட்செட் மைக்கில் பதிவு செய்தான். அதற்கு ஒரு சினிமாப் பாட்டின் பேரை வைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டான்.

"இது கள்ளத்தனம்லா?" என்றாள் ஜெனி.

"நம்ம பேரப் போட்டா எவம்ட்டி எடுப்பான்? ஹிட்டுப் பாட்டு பேருன்னா ஊரே எடுக்கும். நாளைக்கு நம்ம கம்ப்யூட்டரு போனாலும் ஆயிரம் பேர்ட்ட இருக்கும்லா!"

ஊரே எடுக்கவும் செய்தது.

3

பென்னி எப்படிச் செத்தான் என்பதை மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டேன். எப்படிச் செத்தாலும் அப்போது சுஜிதா ஜெனியின் வயிற்றில் இருந்தாள். கம்ப்யூட்டரை விற்கப் போன கொழுந்தன் பாண்டியராஜ், உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டான், பாவி.

"அதுலதானப்பா அவரு குரல் இருந்துச்சு!"

"எனக்குத் தெரியாதே மைனி" என்று அவனும் அழுதான்.

ஆயிரம் பேரிடம் இருக்குமே என்று ஜெனி தேட ஆரம்பித்தாள். அந்தப் பேரில் தேடினால் வருவதெல்லாம் அசல் பாட்டு. இன்றைக்கும் தேடுகிறாள். அப்பா குரலை ஒரு தடவைகூடக் கேட்டிராத சுஜிதாவுக்கே அலுத்துவிட்டது.

"விடும்மா. எல்லாம் அசலாத்தான் வருது."

"ஒண்ணாவது போலியா இருக்காதாட்டி?"

4

யாரோ ஒருவர் பென்னியின் பாட்டு இருந்த பழைய சிடி ஒன்றை ஜெனிக்கு அனுப்புவதாக முடிவை எழுதினேன். பாதியில் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் நாம் என்ன செய்தோம்? ஒரு பாட்டு இறங்குவதற்குள் உயிர் போய்விடும். கடைசியில் வேறு எவனோ பாடினால், "சே, டுபாக்கூர்" என்று அழித்துவிட்டு அடுத்ததைத் தேடுவோம். தப்பான பாட்டை யார் வைத்திருந்தார்கள்?

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. [சினிமாப் பாட்டின் பேரையும் சொல்ல மாட்டேன்; சொன்னால் உங்களுக்கும் அசல்தான் ஞாபகம் வரும்.] ஆனால் பென்னியின் பாட்டு எப்படித் தொடங்கும் என்று தெரியும். வயலின் கிடையாது. ஒருத்தி பின்னால் சிரித்துக்கொண்டிருப்பாள், அவன் சொல்லுவான்: "ஏட்டி ஜெனி, சிரிக்காதேட்டி."

கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டு என்ன செய்தீர்கள்?