பையோடு மிதக்க விடுதல்

மூன்றே முக்காலுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று பொருள். மஞ்சள் என்றால் நின்ற லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறது. அவள் கணினியில் திறந்து வைத்திருந்த பக்கத்தை மூடாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"வணக்கங்க, லிஃப்ட் கம்பெனியிலேருந்து பேசறேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்" என்றது ஓர் ஆண் குரல். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் மூணு மீன்" என்றது.

கண் மருத்துவமனை இருக்கும் கட்டடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அவள் பேசிக்கொண்டே மெக்கானிக்குக்குத் தகவல் அனுப்பினாள். அவன் உயரத்துக்காக எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக், ஆனால் எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவான். கேட்டால், "சமையல்காரன் தன் சமையலைச் சாப்பிடுவானாக்கா?" என்பான்.

இந்த மேசையில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். இப்போது அவள்தான் பொறுப்பாளர். யாரும் எழுதித் தராத சில விதிகளை அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எத்தனை நிமிடத்தில் ஆள் வரும் என்று சொல்லக் கூடாது. பயப்படாதீர்கள் என்றும் சொல்லக் கூடாது. அதுவரை பயப்படாதவர்கள்கூட அதற்கப்புறம் பயப்படத் தொடங்குவார்கள். கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கையில் இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் கதவை மறந்துவிடுவார்கள். இன்றைக்கு அதைக் கேட்கும் வேலைகூட இல்லை. அவன் மீன் கடைக்காரன், மருத்துவமனையின் கண்ணாடித் தொட்டிக்கு மூன்று மீன்களைத் தண்ணீர்ப் பையில் கட்டி எடுத்துப் போகிறான்.

"மேடம், கதவுல ஒரு சந்து தெரியுது. மேல் மாடித் தரை என் நெஞ்சு உசரத்துல இருக்கு. மீனை முதல்ல வெளிய வச்சுட்டு நானும் எகிறிடட்டா?"

"வேணாங்க. கதவத் தொடாதீங்க. உள்ள இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய வரப் பாக்கும்போதுதான் ஆபத்து."

ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். முழு உண்மையும்கூட. ஆனால் இன்று அது சோற்றில் கல் கடிபட்டது மாதிரி அவள் பல்லில் தட்டியது. கண் தானாகத் திரைக்குப் போனது.

திரையில், கல்லூரிச் சேர்க்கைப் பக்கத்தில், இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று முழுநேர எம்பிஏ: இரண்டு வருடம், வேலையை விட வேண்டும், ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் ஹாஸ்டல். இன்னொன்று எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏ: அதே கல்லூரி, இந்த ஊரிலேயே கிளை, சனி ஞாயிறு மட்டும் வகுப்பு. இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் ஒரு வட்டத்தைத் தொட வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திறக்காது.

மேனேஜர் போன வாரமே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எக்ஸிக்யூட்டிவ்தான்மா உனக்குச் சரி. வேலையும் இருக்கும், படிப்பும் வரும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். கல் யார் என்று அவர் சொல்லவில்லை. கணவன் பல் செட் செய்கிறவன். காலையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடியே, "உன் இஷ்டம்" என்றான். மூன்று வாரமாக அதையேதான் சொல்கிறான். எட்டு வயது மகள் மட்டும்தான் கேள்வி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குத் தலை வாரி விடுவது அவள் பொறுப்பு. "ஹாஸ்டல்ல உனக்கு யாரும்மா வாரி விடுவா?"

படிக்க வேண்டும் என்ற எண்ணம் போன வருடம் ஒரு கூட்டத்தில் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவன் வரைபடம் காட்டி, அவளுடைய அழைப்புகள் சராசரியாகப் பதினோரு நிமிடம் நீள்கின்றன, மூன்றாகக் குறைய வேண்டும் என்றான். ஏன் பதினொன்று என்று அவளுக்குத் தெரியும். அதை அந்த அறையில் எடுபடும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு இடத்துக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தாள். இங்கே ஒரு சனிக்கிழமை நடந்த மாதிரி வகுப்பில் மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை போன் வந்து எழுந்து போனாள். எல்லோரும் அப்படித்தான். அந்த ஊர்க் கல்லூரியிலோ நூலகத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி, "ஆன்ட்டி, இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் மேசைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள். விழித்தபோது, தான் எங்கே இருக்கிறோம் என்று சில நொடிகளுக்குத் தெரியவில்லை. அதில் இருந்தது பயமா சந்தோஷமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேங்க. மீனைப் பத்திச் சொல்லுங்க. போனதும் தொட்டியில கொட்டிடுவீங்களா?"

"ஐயோ, கொட்டவே கூடாது. அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. கட்டை அவுக்காம பையோட தொட்டியில மிதக்க விடணும். இருபது நிமிஷம். அப்பதான் ரெண்டு தண்ணியோட சூடும் ஒண்ணாகும்."

"அப்படியே விட்டுட்டா என்ன? தொட்டியிலதான இருக்கு."

அவன் சிரித்தான். "தொட்டியில இருக்குன்னு நாம சொல்லிக்கலாம் மேடம். மீன் பையிலதான இருக்கு? கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கிற காத்து தீந்துடும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழுதாத விதிகளில் முதலாவது, எதிர்முனையை மௌனமாக விடக் கூடாது என்பது.

"மேடம்? பயந்துட்டீங்களா? மீனுங்க நல்லாத்தான் இருக்கு" என்றான் லிஃப்டில் மாட்டிக்கொண்டவன்.

நாலேகாலுக்கு ஏணியின் குரல் கேட்டது, பிறகு கதவு உரசும் ஓசை, பிறகு "வரேன் மேடம்." முப்பத்தொரு நிமிடம். சராசரி இன்னும் ஏறும். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"என்ன, முடிவு பண்ணிட்டியா?" என்றான் கணவன். பின்னால் பல் அச்சைச் சுரண்டும் சத்தம்.

"இல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க. உன் இஷ்டம்னு சொன்னா போனை வச்சிடுவேன்."

சுரண்டும் சத்தம் நின்றது.

"பயமா இருக்கு" என்றான். "நீ படிச்சுட்டு வரும்போது நாங்க உனக்குச் சின்னதாத் தெரிவோமோன்னு."

பன்னிரண்டு வருடத்தில் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அப்புறம் இன்னொண்ணு" என்றான். "அந்தச் சனிக்கிழமை உன்னக் கூட்டிட்டு வர நாங்க சீக்கிரமே வந்துட்டோம். கண்ணாடி வழியாப் பாத்தோம். வாத்தியார் காலி நாற்காலிங்களுக்குப் பாடம் நடத்திட்டு இருந்தார். நீ காரிடார்ல நின்னு யாருகிட்டயோ கதவத் தொடாதீங்க, கதவத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு இருந்தே. பாப்பா, 'அம்மா ஸ்கூலுக்கு வந்தும் ஆபீஸ்லதான் இருக்காங்க'ன்னா."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"பயமா இருக்குன்னு இப்பதான சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; கண்ணும் கரித்தது. வைத்துவிட்டாள்.

நாலே முக்காலுக்கு மறுபடி மஞ்சள் விளக்கு எரிந்தது. கை தன்போக்கில் ஹெட்போனுக்குப் போனது. அதைத் தொட்டு, எடுக்காமல், அப்படியே வைத்திருந்தாள். இரண்டு தடவை ஒலித்த பிறகு பக்கத்து மேசைப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தாள். "வணக்கங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?... சரிங்க. கையில என்ன வச்சிருக்கீங்க?" அந்தப் பெண்ணின் குரலில் அவசரமே இல்லை. இதை எப்போது கற்றுக்கொண்டாள்?

போன் அதிர்ந்தது. ஏணி ஒரு படம் அனுப்பியிருந்தான். வீங்கிய பை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது, கட்டு அவிழவில்லை. கீழே, 'அக்கா, இந்த ஆளு வாட்ச்ச பாத்துக்கிட்டே நிக்கிறான், நானும் வேலைய விட்டுட்டு நிக்கிறேன்' என்று எழுதியிருந்தான்.

அவள் மவுஸைப் பிடித்து, அம்பை முழுநேர எம்பிஏ வட்டத்தின்மேல் கொண்டுபோனாள். திரையின் மூலையில் 4:51. இன்னொரு படம் வந்தது. பையின் கட்டு அவிழ்ந்து, வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இரண்டு மீன்கள் வெளியே, எங்கோ ஓரத்தில், ஆரஞ்சு நிறக் கோடுகளாகக் கலங்கித் தெரிந்தன. மூன்றாவது பையின் வாயில் நின்றிருந்தது, பாதி உடம்பு அந்தத் தண்ணீரிலும் பாதி இந்தத் தண்ணீரிலுமாக, செவுள் விரிந்தபடி.